மவுத் ஆர்கனுக்குள் ஒரு சாக்ஸபோன்: வாசகர் கேள்விகள்

போன இதழில் சாக்ஸபோன் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "சாக்ஸபோன் செய்கிற வேலையை மவுத் ஆர்கனில் செய்து காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் லிட்டில் வால்டர்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், மற்ற பதில்களை யாரும் படிக்கவே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. சரி, இந்த முறை எல்லாப் பக்கமும் அவருக்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். கோபமாக வந்ததையும் விடவில்லை.

கேள்வி: மவுத் ஆர்கன் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். அதை வாசித்தவரைப் போய் மேதை ரேஞ்சுக்குத் தூக்குகிறீர்களே, கொஞ்சம் ஓவராக இல்லை?

விளையாட்டுச் சாமான்தான், மறுக்கவில்லை. சட்டைப் பையில் அடங்கும், விலை குறைவு, யார் ஊதினாலும் காதுக்கு இதமாக ஏதோ ஒன்று வந்துவிடும். அதனால்தான் அது உலகம் முழுக்கப் போனது. ஜெர்மனியில் ட்ரோசிங்கன் என்ற சிறிய ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-ல் ஆரம்பித்த தொழில். 1896-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட 'மரைன் பேண்ட்' என்ற பத்துத் துளை மாடல்தான் பிற்பாடு ப்ளூஸ்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தது (ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை). செய்தவர்கள் மனதில் இருந்தது ஐரோப்பிய நாட்டுப்பாடல்களும் நடன மெட்டுகளும். வாங்கியவர்களில் ஒரு பகுதியினரோ, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் வேலை பார்த்த கறுப்பின மக்கள். பியானோவுக்கு வழியில்லை, கிட்டார்கூட எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, இது கட்டுப்படியாகும். அவர்கள் இதில் நடன மெட்டு வாசிக்கவில்லை, ரயில் விட்டார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் 1920-களின் கடைசியில் நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் மவுத் ஆர்கனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ரயிலைப் புறப்பட வைத்து, வேகம் பிடிக்க வைத்து, விசில் அடிக்க வைத்துக் காட்டினார். கேட்டால் கைக்குள் ஒரு வாத்தியம்தான் இருக்கிறது என்று நம்ப மாட்டீர்கள்.

ஆக, வால்டருக்கு முன்பே அது விளையாட்டுச் சாமான் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. வால்டர் செய்தது அடுத்த கட்டம். அதற்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: லிட்டில் வால்டர் யார்? எங்கிருந்து வந்தார்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ் என்பது இயற்பெயர். லூசியானா மாநிலத்தில் மார்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். எந்த வருஷம் என்று கேட்டால் அங்கேயே தகராறு ஆரம்பிக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1930 மே 1 என்று பொதுவாகப் போடுகிறார்கள், ஆனால் அவருடைய பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றில் 1923, ஒன்றில் 1925, இன்னொன்றில் 1928. மே 1 மட்டும் மாறவே இல்லை. வயது வராத பையன் கிளப்புகளில் வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டுமானால் வயதைக் கூட்டித்தான் சொல்லியாக வேண்டும், அதனால் வந்த குழப்பமாக இருக்கலாம் என்கிறார்கள். நானும் இந்தப் பக்கத்தில் 1930 என்றே வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பிவிட்டார். நியூ ஆர்லியன்ஸ், ஷ்ரீவ்போர்ட், மெம்பிஸ், செயின்ட் லூயிஸ், ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலீனா என்று ஊர் ஊராகச் சுற்றி, தெரு முனைகளில் வாசித்து, கிடைத்த சில்லறையில் சாப்பிட்டு வளர்ந்த பையன். ஹெலீனாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கேஎஃப்எஃப்ஏ என்ற வானொலி நிலையம் 1941-லிருந்து நாள்தோறும் ஒரு ப்ளூஸ் நிகழ்ச்சியை ஒலிபரப்பியது, செலவு ஒரு மாவுக் கம்பெனியுடையது. அதில் மவுத் ஆர்கன் வாசித்தவர் ரைஸ் மில்லர், ஊருக்கு அவர் சன்னி பாய் வில்லியம்சன். (அந்தப் பெயரில் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது, அதற்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது.) வால்டர் அவரை ஒட்டிக்கொண்டு தொழில் கற்றார். ஆனால் கூடவே இன்னொருவரையும் விழுந்து விழுந்து கேட்டார். லூயிஸ் ஜோர்டன். மவுத் ஆர்கனுக்குச் சம்பந்தமே இல்லாதவர், துள்ளலான நடன இசைக்குழு ஒன்றை நடத்திய சாக்ஸபோன்காரர். அந்த சாக்ஸபோன் வரிகளை அப்படியே மவுத் ஆர்கனில் எடுத்துப் பார்த்தார் பையன். என்னைக் கேட்டால் வால்டருடைய மொத்தக் கதைக்கும் திறவுகோல் இதுதான். மற்றவர்கள் மவுத் ஆர்கன்காரர்களைக் கேட்டு மவுத் ஆர்கன் கற்றார்கள், இவர் சாக்ஸபோனைக் கேட்டுக் கற்றார்.

1945-46 வாக்கில் சிகாகோ வந்து சேர்கிறார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே ரயிலேறிய காலம் அது. மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும், பாட்டுக்காரர்கள் நடைபாதையில் நின்று வாசிப்பார்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் எடுப்பார்கள். 1947-ல் அதே தெருவில் ஒரு ரேடியோ கடைக்காரர் நடத்திய 'ஓரா நெல்' என்ற குட்டி லேபிளில் வால்டரின் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்கடுத்து மட்டி வாட்டர்ஸ், ஜிம்மி ராஜர்ஸ் என்ற ப்ளூஸ் பாடகர்கள், கிட்டாரும் வாசிப்பவர்கள், இருவரோடும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் ராத்திரியில் கிளப் கிளப்பாகப் போய், அங்கே ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும் குழுவை மேடையிலேயே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு வருவார்களாம். அதனால் 'தலை வேட்டைக்காரர்கள்' என்று பெயர். இருபது வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பல்கலைக்கழகம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: பத்தே துளை. அதில் எல்லா ஸ்வரமும் கிடையாது. பிறகு எப்படி அந்த அழுகிற மாதிரிச் சத்தம் வருகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பித்தளை நாக்குகள், ரீட் என்பார்கள். ஒன்று ஊதினால் அதிரும், இன்னொன்று காற்றை உள்ளே இழுத்தால் அதிரும். பத்துத் துளை, இருபது ரீட். சி சுருதி வாத்தியத்தில் ஊதினால் சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அழகாக வரும், செய்த ஜெர்மானியர்கள் விரும்பியது அதைத்தான். ப்ளூஸ்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். சி வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜி சுருதியில் வாசித்தார்கள். அப்போது ஆதார ஸ்வரம் ஊதுவதில் இல்லாமல் இழுப்பதில் வந்து விழும், இரண்டாம் துளையில். இழுத்தால் ஒன்றிலிருந்து நான்கு வரை ஜி கார்டு. ஐந்தாம் துளையை இழுத்தால் எஃப், அதாவது ப்ளூஸுக்குக் கட்டாயம் வேண்டிய இறக்கின ஏழாம் ஸ்வரம், சும்மாவே கிடைக்கிறது. இதற்குக் 'கிராஸ் ஹார்ப்' என்று பெயர். அவர்கள் பேச்சில் மவுத் ஆர்கனே கிடையாது, ஹார்ப்தான்.

சரி, அழுகை எங்கிருந்து வருகிறது? இழுக்கும்போது நாக்கின் பின்பகுதியையும் தொண்டையையும் சற்று மாற்றி வாய்க்குள் இருக்கும் இடத்தின் அளவை மாற்றினால், ஸ்வரம் கீழே சரியும். 'பெண்ட்' என்பது இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு ரீட்டை வளைக்கிற மாதிரித் தெரியும், உண்மையில் அங்கே இரண்டு ரீட்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. துளைக்குள் இருக்கிற தாழ்ந்த ஸ்வர ரீட், அதற்கு வேலையே இல்லாத நேரத்தில் விழித்துக்கொண்டு அதிர ஆரம்பிக்கிறது. அதனால்தான் இரண்டு ரீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுதான் வளைக்க முடியும். மூன்றாம் துளையில் ஊதினால் ஜி, இழுத்தால் பி. நடுவில் மூன்று அரை ஸ்வரங்கள் இருக்கின்றன, மூன்றையும் எடுக்கலாம். ஐந்தாம் துளையில் ஈ, எஃப் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவே ஒன்றுமில்லை, அதனால் அங்கே லேசாகச் சாய்க்கலாமே தவிர ஒரு முழு அரை ஸ்வரம் கிடைக்காது.

ப்ளூஸின் உயிரே மேஜருக்கும் மைனருக்கும் நடுவே எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும் அந்த மூன்றாம் ஸ்வரத்தில் இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. இந்தப் பத்துத் துளைச் சாமானில், அதே மூன்றாம் துளையில், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நம் காதுக்குக் கமகம் பழக்கம் என்பதால் முதல் தடவை கேட்கும்போதே இது நமக்குப் பிடிபட்டுவிடும். கற்பதுதான் பாடு. நான் மூன்று மாதம் முயன்றேன். நாக்கை வைத்துச் செய்ய வேண்டியதை மூச்சின் பலத்தால் செய்யப் போய், நான்காம் துளை ரீட் ஒரு நாள் 'டிங்' என்றது, அத்தோடு அது ஓய்வு பெற்றது. நானும்தான்.

கேள்வி: மைக்கில் மவுத் ஆர்கன் வாசித்த முதல் ஆள் இவர்தான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. மேக்ஸ்வெல் தெருவில் ஒயர் இழுத்த கதையைச் சொன்னேனே, அந்த இரைச்சலில் மைக் இல்லாமல் மவுத் ஆர்கன் யாருக்குக் கேட்கும்? ஸ்னூக்கி ப்ரையர் என்பவர் ராணுவத்தில் இருந்தபோது ஒலிபெருக்கியில் பியூகிள் ஊதுகிற வேலை பார்த்தவர், அதே மைக்கில் மவுத் ஆர்கனை வைத்துப் பார்த்திருக்கிறார், 1945-ல் வெளியே வந்ததும் ஒரு ஒலிபெருக்கி செட்டை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். இன்னும் சிலரும் இருந்தார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி 'யார் முதல்' என்பது இல்லை. மற்றவர்களுக்கு மைக் என்பது சத்தத்தைக் கூட்டும் கருவி. கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே காணாமல் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. வால்டர் என்ன செய்தார் என்றால், மைக்கையும் வாத்தியத்தையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் காற்றுப் போகாமல் பொத்திக்கொண்டார். அப்படிப் பொத்தினால் கீச்சுச் சத்தம் அடங்கி அடித்தொண்டைச் சத்தம் மேலே வரும். அந்தக் காலத்து மலிவான மைக்குகள், டாக்ஸிக்காரர்களைக் கூப்பிடவும் அறிவிப்பு செய்யவும் பயன்படுகிற ரகம், அவற்றைச் சின்ன ஆம்ப்ளிஃபையரில் மாட்டித் தாங்குகிற அளவுக்கு மேல் தள்ளினால் சத்தம் உடையும், கரகரக்கும். ஒரு சவுண்ட் இன்ஜினியர் இதைக் கோளாறு என்று எழுதி வைப்பார். வால்டர் அந்தக் கோளாறை எப்போது வர வைக்கலாம், எவ்வளவு வர வைக்கலாம், கையைக் கொஞ்சம் திறந்தால் என்ன ஆகும், மூச்சைக் குறைத்தால் எப்படித் தெளியும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அதையே வாத்தியமாக்கிக்கொண்டார். மவுத் ஆர்கன், கை, மைக், ஆம்ப்ளிஃபையர் நான்கும் சேர்ந்து ஒரே வாத்தியம். அதிலிருந்து வருவது டெனர் சாக்ஸபோன் மாதிரிக் கேட்கும், சில இடத்தில் ஆர்கன் மாதிரி, சில இடத்தில் எதைப்போலும் இல்லை.

இந்த ஒலி முதல்முதலாகத் தட்டில் பதிவானது 1951 ஜூலையில், மட்டி வாட்டர்ஸின் ஒலிப்பதிவில். அதற்கு முந்தைய வருடப் பதிவுகளையும் பிந்தைய வருடப் பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஆள் மாறியது போல இருக்கும்.

கேள்வி: மட்டி வாட்டர்ஸ் போன்ற பெரிய ஆளை விட்டு ஏன் போனார்? நன்றிகெட்ட செயல் இல்லையா?

இருபத்திரண்டு வயது, நாட்டிலேயே முதலிடத்தில் ஒரு பாட்டு. நீங்களாக இருந்தால் இருந்திருப்பீர்களா?

நடந்தது இதுதான். மட்டி வாட்டர்ஸ் குழு மேடை ஏறும்போதும் இறங்கும்போதும் வாசிக்கிற துள்ளலான சிறு மெட்டு ஒன்று இருந்தது, வார்த்தை கிடையாது, வெறும் வாத்தியம். 1952 மே 12-ம் தேதி செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கான ஒலிப்பதிவில் அதையும் வாசித்தார்கள், முன்னணியில் வால்டர். 'ஜூக்' என்று பெயர் வைத்து, வால்டர் பெயரிலேயே, செஸ்ஸின் கிளை லேபிளான செக்கரில் வெளியிட்டார்கள். பில்போர்ட் பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஹிட் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே மவுத் ஆர்கன் வாத்திய இசை அதுதான்.

குழு அப்போது தெற்கே சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு ஜூக்பாக்ஸில் ஜனங்கள் திரும்பத் திரும்பக் காசு போட்டு இதையே கேட்பதைப் பார்த்துவிட்டு வால்டர் சொல்லாமல் கொள்ளாமல் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார் என்று ஒரு கதை. கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கிறது, ஆனால் பாதியில் கிளம்பிவிட்டது நிஜம். சிகாகோவில் ஜூனியர் வெல்ஸ் என்ற இன்னொரு இளம் மவுத் ஆர்கன்காரர் 'ஏசஸ்' என்ற அருமையான குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். வெல்ஸ் மட்டி வாட்டர்ஸிடம் போனார், வால்டர் வெல்ஸின் குழுவை எடுத்துக்கொண்டார். நேரடிப் பண்டமாற்று! எனக்கு இதில் வால்டருக்குத்தான் கூடுதல் லாபம் என்று தோன்றும், காரணம் அந்தக் குழுவின் டிரம்மர் ஃப்ரெட் பெலோ. ஜாஸ் பழகிய கை. அவர் தாளம் போட்டால் ப்ளூஸ் நடக்காது, மிதக்கும். சாக்ஸபோன் மாதிரி வாசிக்க நினைக்கிறவனுக்கு அப்படி ஒரு தாளம் கீழே இருந்தால் வேறென்ன வேண்டும்? கிட்டாரில் லூயிஸ் மையர்ஸ், டேவ் மையர்ஸ் என்ற அண்ணன் தம்பி.

நன்றிகெட்ட செயல் என்கிறீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. மேடையில் பிரிந்தார்களே தவிர ஸ்டுடியோவில் பிரியவில்லை. பல வருஷம் மட்டி வாட்டர்ஸின் ஒலிப்பதிவுகளுக்கு வால்டர் போய் வாசித்துக்கொண்டே இருந்தார். 1954-ல் வந்த 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டில் கேட்கும் மவுத் ஆர்கன் அவருடையதுதான். இருவருக்கும் நடுவே மனக்கசப்பு இருந்திருக்கும், ஆனால் காது இருக்கிறவர்கள் காதுள்ளவர்களை விட்டுக்கொடுப்பதில்லை.

1952-லிருந்து 1958 வரை பதினான்கு பாட்டுகள் முதல் பத்துக்குள். 1955-ல் வில்லி டிக்ஸன் எழுதிய 'மை பேப்' ஐந்து வாரம் முதலிடம். அது 'இந்த ரயில்' என்ற பழைய தேவாலயப் பாட்டின் மெட்டில் காதல் வரிகளை ஏற்றியது. சாமி பாட்டைக் காதல் பாட்டாக்கிவிட்டார்கள் என்று சிலருக்கு வருத்தம். மெட்டு என்ன பாவம் செய்தது?

கேள்வி: சன்னி பாய் வில்லியம்சன் 1948-ல் கொலை செய்யப்பட்டார் என்று படித்தேன். 1963-ல் ஐரோப்பாவில் வாசித்தார் என்றும் படித்தேன். எது தப்பு?

இரண்டும் சரி. ஆள்தான் வேறு வேறு. நான் மேலே சொன்ன வில்லங்கம் இது.

ஒருவர் ஜான் லீ வில்லியம்சன், டென்னசியில் 1914-ல் பிறந்தவர், 1937-லிருந்து இசைத்தட்டு வெளியிட்டவர், ஒரு வரி பாடி அடுத்த வரிக்கு மவுத் ஆர்கனைப் பதில் சொல்ல வைத்தே இந்த வாத்தியத்தைக் குழுவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். 1948 ஜூன் 1 அதிகாலை, சிகாகோவில் வாசித்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும் வழியில் கொள்ளையர்கள் தாக்கி இறந்தார். முப்பத்து நான்கு வயது. இன்னொருவர்தான் ஹெலீனா வானொலியின் ரைஸ் மில்லர். பிரபலமான பெயர், கேட்பவர்கள் தெற்கே தொலைவில் இருக்கிறார்கள், முகம் தெரியாது, அப்புறம் என்ன! பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டார், கேட்டால் நான்தான் ஒரிஜினல் என்பார். இதில் எரிச்சல் என்னவென்றால் அவரும் அசாத்தியமான கலைஞர். மைக்கை நம்பாமல் கைகளாலேயே சத்தத்தைத் திறந்து மூடி வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1965-ல் ஹெலீனாவிலேயே காலமானார். புத்தகங்களில் ஒன்றாமவர், இரண்டாமவர் என்று நம்பர் போட்டு எழுதுகிறார்கள், ராஜாக்களுக்குப் போடுகிற மாதிரி.

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு லிட்டில் வால்டர் சுற்றுப்பயணம் போனாராமே?

1964-ல் இங்கிலாந்து போனார், அது உண்மை. ஸ்டோன்ஸோடு போனார் என்பது வதந்தி, அந்த ராக் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸே மறுத்துவிட்டார்.

கேள்வி: முப்பத்தேழு வயதில் இறந்தார் என்கிறார்களே, எப்படி? குடிதான் காரணமா?

பல கடிதங்களில் இந்தக் கேள்விதான் முதலில் இருந்தது. கலைஞன் என்றால் சாவைத்தான் முதலில் கேட்கிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பத்தில் தேடினேன் என்பதால் குறை சொல்லவில்லை.

குடி இருந்தது. முன்கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. ஐம்பதுகளின் பிற்பாதியிலிருந்து அடிதடி, போலீஸ் வம்பு, ஒத்துக்கொண்ட இடத்துக்கு ஒழுங்காகப் போகாமல் இருப்பது என்று சறுக்கிக்கொண்டே போனார். பிற்காலப் புகைப்படங்களில் முகத்தில் தழும்புகள் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து தெருவில் தனியாக வளர்ந்த பையனுக்குக் கையை ஓங்குவதுதான் தெரிந்த பாஷை என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்காக அடி வாங்கியவர்களுக்கு வலிக்காமல் போய்விடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சந்தை மாறிவிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் கறுப்பின இளைஞர்கள் வேறு பாட்டுகளுக்கு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அறுபதுகளில் ப்ளூஸைத் தேடி வந்த வெள்ளைக்கார மாணவர்கள் கேட்டதோ பழைய கிராமத்துக் கிட்டார் ப்ளூஸ். கோட்டு சூட்டு போட்டு மின்சாரத்தில் ஸ்விங் வாசித்த வால்டர் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாமல் நின்றார்.

1967-ல் மட்டி வாட்டர்ஸ், பாடகரும் கிட்டார்காரருமான போ டிட்லி இருவரோடும் சேர்ந்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். மூச்சு போதவில்லை, முன்பு ஒரே இழுப்பில் போன வரிகள் துண்டு துண்டாக வருகின்றன. அடுத்த வருடம் பிப்ரவரியில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு கிளப்பில் இடைவேளையின்போது ஒரு சண்டை. பெரிய காயம் ஒன்றும் இல்லை, ஆனால் பழைய அடிகள் ஏற்கெனவே உடம்பில் இருந்தன. தோழியின் வீட்டில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. 1968 பிப்ரவரி 15. இறப்புச் சான்றிதழில் இதய ரத்தக்குழாய் அடைப்பு என்று இருக்கிறது.

எவர்கிரீன் பார்க்கில் உள்ள செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1991 வரை கல்லறையில் பெயர்க்கல் இல்லை, ரசிகர்கள் சேர்ந்து வைத்தார்கள். 2008-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள், மவுத் ஆர்கன் வாசித்ததற்கென்றே அங்கே இடம் பெற்ற ஒரே ஆள். பின்னணி வாத்தியக்காரர்கள் பிரிவில் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. தன் பெயரில் பதினான்கு ஹிட் கொடுத்தவர் எப்படிப் பின்னணி ஆனார்?

கேள்வி: பெண்கள் யாரும் ப்ளூஸ் மவுத் ஆர்கன் வாசிக்கவில்லையா?

வாசித்தார்கள். பிக் மாமா தார்ன்டனைப் பாடகியாக மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும், அவர் மவுத் ஆர்கனும் வாசிப்பார், டிரம்ஸும் வாசிப்பார். மேடை நடுவே பாட்டை நிறுத்திவிட்டு மவுத் ஆர்கனை எடுத்தால் கூட்டம் எழுந்துவிடும் ரகம். அவருக்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும், கடிதம் போடுங்கள்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? அவர் வாசிக்கும் வீடியோ ஏதாவது இருக்கிறதா?

'ஜூக்'கில் ஆரம்பியுங்கள், வேறு வழியில்லை. மூன்று நிமிடம்கூட ஓடாது. முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை மவுத் ஆர்கனை மறந்துவிட்டு, இது ஒரு சாக்ஸபோன் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள், வரிகள் எங்கே மூச்செடுக்கின்றன என்று பாருங்கள். அடுத்து 1955-ல் வந்த 'ரோலர் கோஸ்டர்'. கிட்டாரில் போ டிட்லி, அந்த எதிரொலிக்கும் ஒலியை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவர் பாடியதையும் விட்டுவிடாதீர்கள். பெரிய குரல் கிடையாது, ஆனால் தன் வாத்தியத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்த குரல்.

வீடியோ மிகக் குறைவு. 1967 அக்டோபரில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது கோபன்ஹேகன் தொலைக்காட்சியில் ப்ளூஸ் கலைஞர்கள் ஹவுண்ட் டாக் டெய்லருக்கும் கோகோ டெய்லருக்கும் பின்னால் நின்று வாசிக்கிறார், அது கிடைக்கிறது. இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு. மெலிந்திருக்கிறார், முன்னால் நிற்பவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நிற்கிறார். கைகளை மட்டும் பாருங்கள்.

கேள்வி: உங்கள் பதிலைப் படித்துவிட்டு வீட்டில் கிடந்த பழைய மவுத் ஆர்கனை எடுத்து இரண்டு நாளாக 'பெண்ட்' செய்யப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வராதா?

போன இதழின் ஒரு வரிக்கே இவ்வளவு தூரம் போய்விட்டீர்களா! உங்கள் வாத்தியத்தில் துளைகள் மேலும் கீழுமாக இரண்டு வரிசை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ட்ரெமோலோ ரகம். அதில் ஒவ்வொரு ரீட்டுக்கும் தனித்தனி அறை, ஊதும் ரீட்டும் இழுக்கும் ரீட்டும் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது, மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்த விழித்துக்கொள்ளும் சமாசாரம் நடக்க வாய்ப்பே இல்லை. உங்கள் மேல் தப்பில்லை. சி சுருதியில் ஒற்றை வரிசைப் பத்துத் துளை டயடானிக் ஒன்று வாங்குங்கள். நான்காம் துளையை மட்டும் இழுத்துப் பழகுங்கள், மெதுவாக, பலம் போடாமல், வாய்க்குள் 'ஈ' என்பதிலிருந்து 'ஓ' என்பதற்குப் போவது போல நாக்கைப் பின்னால் நகர்த்தி. ஒரு வாரத்துக்கு அசிங்கமாகத்தான் கேட்கும். 'டிங்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், அது எனக்கு வந்த சத்தம்.